மீன் இல்லாத பெட்டி

கடல்மீன் பிடிக்கப் போன மனிதன் ஒரு மீன்கூட இல்லாமல் வீடு திரும்பினால், அவன் கடலுக்குத்தான் போனான் என்பதற்கு என்ன சாட்சி? 2008ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டிலுள்ள தன் வீட்டுத் துணி துவைக்கும் அறையில் கணவனின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மெஹர் நிஷா தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்.

கணவன் பசீர் அகமது, ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் பொறியாளன். அவனுடைய மேலதிகாரி டென்னிஸ், தூண்டிலைக் கண்டால் சோறு தண்ணீர் மறக்கும் மனிதர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் காபோன் என்னும் நாட்டில், காட்டாறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு விடுதி இருப்பதாகவும், எட்டு நாள் மீன் பிடிக்க டென்னிஸ் தன்னை அழைப்பதாகவும் பசீர் ஜனவரி மாதத்தில் சொன்னான். அங்கே சாலை இல்லை, கடை இல்லை, தொலைபேசி இல்லை, படகில்தான் போக வேண்டும் என்றும் சொன்னான். கேட்டபோதே மெஹருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கால்வெஸ்டனில் இருபது நிமிடப் படகுப் பயணத்துக்கே கம்பியைக் கட்டிக்கொண்டு வாந்தியெடுத்தவன் அவன். மீனைக் குழம்பில் பார்த்திருக்கிறானே ஒழிய, துடிக்கும் மீனைத் தொட்டவன் அல்லன். அப்படிப்பட்டவன், பாஸ் கூப்பிட்டால் மறுக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்தான்.

அவளுடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. சென்னையில் படித்த பார்மசிப் பட்டத்தை இந்த நாட்டில் செல்லுபடியாக்க, அவள் மூன்று ஆண்டுகள் அடுப்படியிலும் கார் நிறுத்தத்திலும் புத்தகமும் கையுமாக இருந்து தகுதித் தேர்வில் தேறியிருந்தாள். வரும் திங்கட்கிழமை ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் அவளுக்குப் பயிற்சி தொடங்குகிறது. ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் முடித்தால்தான் உரிமத் தேர்வு எழுதலாம். நடுவில் ஊரைவிட்டுப் போனால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். பேர்லேண்டிலேயே மீனாட்சி கோவிலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வசந்தாமணி ஆண்ட்டியின் கணவரை, ஒரு வாரம் பார்த்துவிட்டு வா என்றுதான் அவருடைய கம்பெனி அங்கோலாவுக்கு அனுப்பியது. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வர மூன்று ஆண்டுகள் ஆயின. ஆகவே, காபோன் என்ற பெயர் வீட்டுக்குள் நுழைந்த நாள் முதல் மெஹரின் நெஞ்சில் ஒரே ஐயம் உட்கார்ந்திருந்தது: இவரை அங்கே மாற்றப் போகிறார்கள், மீன் வெறும் போர்வை.

பெட்டியில் எட்டுச் சட்டைகள் இருந்தன. அவள் ஒவ்வொன்றாக முகர்ந்தாள். நான்கில் உப்புப் பொரிந்து காலர் விறைத்திருந்தது. மற்ற நான்கில் வியர்வையும் சோப்பும் மட்டுமே மணத்தன. ஒரு காலுறைக்குள் காகிதம் சுற்றிய ஏதோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. பிரித்தாள். உள்ளங்கையளவு செதில் ஒன்று, கண்ணாடித் தகடு போல மின்னியது. அவள் அதிராம்பட்டினத்துப் பெண். செதிலைக் கண்டே மீனை எடை போடத் தெரிந்தவள். இது அறுபது கிலோவுக்குக் குறைந்த மீனின் செதிலாக இருக்க முடியாது. அப்படியானால் அவன் கடலுக்குப் போனது உண்மை. சந்தேகம் பொய்யாகிவிட்டதே என்று மகிழ வேண்டியவள், நான்கு சட்டைகளை மறுபடியும் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

மதியச் சாப்பாட்டின்போது பசீர் தானாகவே மீன் கதையை ஆரம்பித்தான். டார்பன் என்ற மீனாம், ஆள் உயரமாம், தண்ணீருக்கு மேலே எகிறிக் குதித்ததாம். பத்து வயது மகள் ஆஃபீஃபா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மீன் எங்க மச்சான்?" என்றாள் மெஹர்.

"விட்டுட்டோம். அங்க ரூல் அது. போட்டோ எடுத்துட்டு ரிலீஸ் பண்ணிடணும்."

"திங்கவும் மாட்டீங்க, விக்கவும் மாட்டீங்க. வாயில முள்ளக் குத்தி இழுத்து, போட்டோ எடுத்து, திரும்ப விடுறதுக்கா அல்லாஹ் அதப் படைச்சான்?"

பசீர் தட்டைப் பார்த்தபடி, தனக்கும் அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது என்றான்.

ஆஃபீஃபா அவனை மேலும் கீழும் பார்த்து, "டாடி, யூ காட் ஃபேட்" என்றாள்.

குழந்தை கண்டது மெய்தான். பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போயிருந்தது. ஹலால் என்று உறுதியாகத் தெரியாத இறைச்சியை அவன் தொடமாட்டான். விமானத்தில் கொடுக்கும் கோழியைக்கூட ஒதுக்கிவிட்டு ரொட்டியைத் தின்பவன். மெஹர் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"பிடிச்ச மீனையும் விட்டாச்சு. அங்க ஹலால் கறியும் கிடைக்காது. எட்டு நாளா என்னதான் சாப்பிட்டீங்க?"

"அதுக்கென்ன, மாலி நாட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார். நம்ம ஆளுதான். டெய்லி ஆட்டுக்கறி. மார்க்கெட்ல அவர் கடையிலயே..."

சொல்லிக்கொண்டு வந்தவன் நிறுத்தினான். சாலை இல்லாத, கடை இல்லாத காட்டில் மார்க்கெட் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. மகளை மாடிக்குப் போய் வீட்டுப்பாடம் செய்யச் சொன்னாள். பிறகு செதிலைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாலு சட்டையில உப்பு இருக்கு. நாலு சட்டையில இல்ல. அந்த நாலு நாள் எங்க இருந்தீங்க மச்சான்?"

பசீர் மென்று விழுங்கினான். அதன்பின் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதல் நான்கு நாளும் எண்ணெய்க் கம்பெனிகள் இருக்கும் துறைமுக நகரத்தில் தங்கியிருந்தான். மூன்று படுக்கையறை வீடு ஒன்றைக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தையும் காட்டினார்கள். மூன்று ஆண்டு வேலை; சம்பளம் ஒன்றரை மடங்கு. டென்னிஸ் பேச்சை முடித்துவிட்டு, இனி மீன் பிடிக்கலாம் என்று அவனைப் படகில் ஏற்றினார். உன் பரீட்சை முடியட்டும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன் என்றான் பசீர்.

"ரிசல்ட் டிசம்பர்லயே வந்துடுச்சு" என்றாள் மெஹர். "பிரியாணி வாங்கிட்டு வந்தது நீங்கதான்."

அவன் தட்டில் மிச்சமிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினான்.

"சைன் பண்ணிட்டீங்களா?"

"இல்ல."

"பேப்பரக் காட்டுங்க."

மடிக்கணினிப் பையிலிருந்து எடுத்து வந்தான். நான்கு பக்கங்கள். கடைசிப் பக்கத்தில் அவனுடைய பெயர் அச்சாகியிருந்தது. அதன் கீழே கையெழுத்துக்கான கோடு வெறுமையாக இருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டத்தில் பிப்ரவரி பதினெட்டு என்று அவன் கையாலேயே தேதி எழுதியிருந்தது. பள்ளிப் படிவமோ வங்கிப் படிவமோ, முதலில் தேதி, மறுநொடி கையெழுத்து என்பதே பதிமூன்று ஆண்டுகளாக அவள் கண்ட பழக்கம். பேனா அந்தக் கோட்டுக்கு ஓர் அங்குலம் வரை வந்திருக்கிறது.

அங்கே அதை நிறுத்தியது எது என்று கேட்டாள்.

விடுதிக்குப் போன மறுநாள் காலை அது என்றான் அவன். சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்துத் தேதி எழுதியபோது, முகத்துவாரத்தில் மீன் கூட்டம் வந்துவிட்டது என்று படகுக்காரர் கூப்பிட்டார். காகிதம் எங்கே போய்விடப் போகிறது, வந்து கையெழுத்துப் போடு என்று டென்னிஸ் அவனை இழுத்துக்கொண்டு ஓடினார். அன்றைக்குத்தான் அந்த மீன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது.

"கை வீங்கிப் போச்சு மெஹரு. ஸ்பூன்கூடப் பிடிக்க முடியல. அப்புறம் எங்க பேனா பிடிக்கிறது?"

அவள் செதிலைப் பார்த்தாள். தன் மூன்று ஆண்டுப் படிப்பைக் காப்பாற்றியது பெயர் தெரியாத கடலிலிருந்த ஒரு மீன். கட்டிய கணவன் அல்லன்.

"அப்ப என்னை நெனச்சு நிறுத்தல."

"அன்னிக்கு இல்ல" என்றான் பசீர். "மறுநாளே கை சரியாயிடுச்சு. அப்புறமும் ரெண்டு நாள் இருந்துச்சு. டென்னிஸ் ரெண்டு தடவ பேப்பரக் கேட்டார். கை வலிக்குதுன்னு சொன்னேன்."

"வலிச்சுதா?"

"இல்ல."

இதை நம்புவதா? சட்டைக்கு உப்புச் சாட்சி இருந்தது. மீனுக்குச் செதில் சாட்சி இருந்தது. வலிக்காத கையை வலிக்கிறது என்று ஒருவன் சொன்னதற்கு எந்தப் பெட்டியைக் கிளறிச் சாட்சி தேடுவது? அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஜனவரியில் ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றபோதும் இதே முகம்தான்.

எப்போதைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றான்.

"மண்டே காலைல ஏழு மணிக்கு நான் டியூட்டிக்குப் போறேன். நீங்க சைன் பண்ணினாலும் போறேன், பண்ணலேன்னாலும் போறேன். ஆஃபீஃபாவ ஸ்கூல்ல டிராப் பண்றது நீங்க."

"டென்னிஸ் கேட்டா என்ன சொல்ல?"

"கை இன்னும் வலிக்குதுன்னு சொல்லுங்க. அவர் நம்பற வரைக்கும் சொல்லுங்க. அப்புறம் நிஜத்தச் சொல்லுங்க."

பசீர் தலையாட்டினான். பாத்திரங்களை அவனே எடுத்துக் கழுவப் போனான். தண்ணீர் ஓடும் ஓசை கேட்டதும், மெஹர் தன் பயிற்சிக் கடிதம் இருந்த கோப்பைத் திறந்து, அந்த நான்கு பக்கங்களையும் உள்ளே வைத்தாள். மேலே செதிலை வைத்தாள். மூடப் போனவள் மனம் கேளாமல், கடைசிப் பக்கத்தை மட்டும் வெளியே உருவி, சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள். கோட்டின் மேல் அழித்த தடம் ஏதும் தெரிகிறதா என்று சாய்த்துப் பார்த்தாள். விரலால் தடவியும் பார்த்தாள்.

ஒன்றும் இல்லை. பக்கத்தை மறுபடி உள்ளே செருகி, கோப்பை மூடி, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.