கழட்டி வச்ச ஐடி கார்டு

கடலூர் லேபர் கோர்ட்டுல போன வாய்தாவுக்கு கடை வக்கீலு லேப்டாப்ப எம்பக்கம் திருப்பி வச்சாரு. அதுல நான் இருந்தேன். சிதம்பரத்துல நான் வேலை பாத்த ஜவுளிக்கடை, பட்டு செக்‌ஷன். கழுத்துல இருக்கற ஐடி கார்ட நானே கழட்டறேன், கவுன்ட்டர் மேல வைக்கிறேன், மாடிப்படி ஏறிப் போறேன். அவ்ளோதான் வீடியோ.

"யாராச்சும் கையப் புடிச்சு இழுத்தாங்களா?"

"இல்லிங்க."

"நீங்களாத்தான் கார்ட கழட்டனீங்க, இசைவாணி?"

"ஆமாங்க."

டூட்டி நேரத்துல வேலைய போட்டுட்டு நானா மேனேஜரத் தேடிப் போனேனாம். அதுக்குத்தான் வேலைய விட்டு எடுத்தாங்களாம். அந்தக் கோவத்துல மேனேஜர் மேல பழி போடறேனாம். நல்லாத்தான் பேசனாரு, எனக்கே நம்பலாம் போல இருந்துச்சு.

கோவம் வந்திருக்கணும். எங்க ஊரு குமராட்சியில என் வாய்க்கு பயந்து குழாயடியில எடம் விட்டவுங்கதான் ஜாஸ்தி. இப்ப என்னடான்னா, பல்லு புடுங்க ஊசி போட்ட வாயாட்டம் ஒடம்பு பூரா மரத்துப் போய்க் கெடக்கு.

அந்த கார்டு சங்கதி இதுதான். மேல் மாடி ஸ்டாக் ரூம்ல கேமரா கெடையாது. மேனேஜர் கலியமூர்த்தி எந்தப் பொண்ண "மேல வந்து சரக்கு எடு"ன்னு கூப்புடறானோ, அவ போறப்ப ஐடி கார்ட கழட்டி கவுன்ட்டர்ல வச்சுட்டுப் போவணும். பாக்கறவ எவளா இருந்தாலும் அத எடுத்துக்கிட்டு பின்னாடியே ஓடணும். "கார்ட மறந்துட்டியேடி"ன்னு கதவத் தட்டணும். பழைய பொண்ணு புதுப் பொண்ணுக்கு சோறு திங்கறப்ப சொல்லிக் குடுக்கறது. நானே எத்தன பேருக்கு ஓடிருக்கேன். பிரிசில்லாவுக்கும் ஓடிருக்கேன்.

பிரிசில்லா எனக்குப் பக்கத்து கவுன்ட்டரு. அன்னிக்கு என் கார்டு அவ கைக்கெட்டற தூரத்துல கெடந்துச்சு. அவ வரல. மேல கதவு சாத்தியிருந்த நேரம் பூரா என் காது படியிலதான் இருந்துச்சு. அவன் என்ன செஞ்சான்னு கடை விசாரணைக் கமிட்டியில சொல்லியாச்சு, கோர்ட்டுலயும் சொல்லியாச்சு, இன்னொரு தடவ சொல்ல மாட்டேன். கமிட்டின்னா யாரு, மொதலாளி பொண்டாட்டியும் அவுங்க தங்கச்சியும். விசாரிச்சாங்களாம், ஒன்னும் நடக்கலயாம். மறுவாரமே என்னைய வெளிய அனுப்பிட்டாங்க.

"கார்டு எதுக்குன்னு பிரிசில்லா ஒரு வார்த்த சொன்னா போதும்மா, கேஸு நம்ம பக்கம் திரும்பிடும். சொல்லலன்னா அந்த வீடியோதான் நிக்கும்"னு எங்க வக்கீலு ஆரோக்கியராஜ் சார் சொல்லியிருந்தாரு. வேலையும் போச்சு. பேரும் போச்சுன்னா நான் எந்தக் கடை வாசல்ல போய் நிக்கறது?

இன்னிக்கு அவள கடை சாட்சியா கூட்டியாந்தாங்க. டூட்டியிலேருந்து அப்பிடியே, யூனிபார்ம் சேலை, கழுத்துல கார்டு. கலியமூர்த்தி கார்லதான் வந்தா, கடை கணக்குப்புள்ளையும் கூட வந்தாரு.

ஆரோக்கியராஜ் சார் கேட்டாரு. "ஐடி கார்ட கழட்டி கவுன்ட்டர்ல வச்சா என்னம்மா அர்த்தம்?"

அவ கூண்டுக் கட்டையவே பாத்துக்கிட்டு நின்னா. "ஒன்னும் இல்ல சார். கசகசன்னு இருந்தா கழட்டுவோம்."

"இசைவாணி மேல போனது எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

முடிஞ்சிது. அடிப்பாவின்னு கத்தியிருக்கணும். எனக்கு ஃபேன் சுத்தறதுதான் தெரிஞ்சுது. சாப்பாட்டுக்கு அப்பறம் நம்ம வாதம்னாங்க. வெளிய வந்து வராண்டா பெஞ்சுல ஒக்காந்தேன்.

கலியமூர்த்தி கார் சாவிய ஆட்டிக்கிட்டு வந்தான். "கணக்குப்புள்ளைய பஸ்ல வரச் சொல்லிட்டேன். நீ வா பிரிசில்லா, செம்மண்டலம் குடோன்ல கொஞ்சம் சரக்கு எடுக்கணும், போய்ட்டுப் போலாம்." அதே கொரலு. அவன் பாட்டுக்கு முன்னாடி நடந்தான்.

அவ எங்கிட்ட வந்ததும் நின்னா. என் மூஞ்சியப் பாக்கல. கழுத்துலேருந்து கார்ட கழட்டி எனக்குப் பக்கத்துல, பெஞ்சு மேல வச்சா. அவன் பின்னாடியே போய்ட்டா.

கார்டு போட்டோவுல சிரிச்சுக்கிட்டிருந்தா. நாடா கழுத்துச் சூட்டோட இருந்துச்சு. அன்னிக்கு எனக்கு வராதவ. இப்பதான் உள்ள என் பொழப்ப கவுத்துட்டு வந்தவ. கெடக்கட்டும் சனியன்னு விட்டுடலாம், யாரு கேக்கப் போறா?

"எங்கம்மா எந்திரிச்சிட்ட?"ன்னாரு ஆரோக்கியராஜ் சார்.

அவன் வண்டிய கெளப்பியாச்சு. அவ கதவத் தொறந்து ஒரு கால உள்ள வச்சிருந்தா. நான் கார்ட தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓடனேன்.

"கார்ட மறந்துட்டியேடி!"

எங்கேருந்துதான் வந்துச்சோ அந்த சத்தம். கோர்ட்டு வாசல்ல இருந்தவுங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவ கால எடுத்து கீழ வச்சா.