ஓர் எழுத்துக்கு ஆறு மாசம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில், உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவிலிருக்கும் எங்கள் ஊரில், இங்கிலீஷ் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ஆரம்பப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் வீரணன். தந்தி வந்தாலும், மலைத் தோட்டத்துத் துரை சீட்டு அனுப்பினாலும் அவரிடம்தான் கொண்டு ஓடுவார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் சத்தமாக இங்கிலீஷில் படித்துக் காட்டுவார். அர்த்தம் அதற்குப் பிறகுதான். சில சமயம் அது தப்பும். ஒருமுறை பிள்ளை பிறந்த தந்திக்கு ஒரு குடும்பமே ஒப்பாரி வைத்துத் தலைமுழுகியது. உண்மை தெரிந்தபோதும் பழி தந்தி அடித்தவன் மேல்தான் போயிற்று.

சர்க்கார் என்றால் வீரணனுக்கு உயிர். பள்ளிக்கூடத்தில் மாட்டியிருந்த ராஜா படத்துக்குத் தினமும் அரளிப் பூ வைப்பார்.

அந்த ஆடி மாதம் கல்வி ஆபீஸிலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. மேலே 'பிரோஸ்கிரைப்டு புத்தகங்கள்' என்று தலைப்பு. கீழே பதினொரு புத்தகங்களின் பெயர். அதற்கும் கீழே, 'உடனே நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்பவும்'.

இங்கிலீஷில் பிரிஸ்கிரைப் என்று ஒரு சொல், பிரோஸ்கிரைப் என்று ஒரு சொல். மூன்றாவது எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். முதலாவதற்குப் பாடமாக வை என்று அர்த்தம். இரண்டாவதற்குத் தடை செய் என்று அர்த்தம். வீரணனுக்கு முதல் சொல் மட்டும்தான் தெரியும். இரண்டாவதை, டைப் அடித்த குமாஸ்தாவின் எழுத்துப் பிழை என்று நினைத்துப் பென்சிலால் திருத்தியும் வைத்தார்.

மறுநாளே கோட்டும் தலைப்பாகையுமாகப் பெரியகுளம் போனார். அங்கே கதர்க்கடை வைத்துப் புத்தகமும் விற்றுவந்த பேச்சிமுத்து இரண்டு தடவை சிறைக்குப் போய் வந்த ஆள். கடை வாசலில் நின்றபடியே வீரணன் பட்டியலை உரக்கப் படித்தார். பேச்சிமுத்து தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்கய்யா. இதெல்லாம் எதுக்கு?"

"பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தணும். உத்தரவு வந்திருக்கு."

"எந்தச் சர்க்கார் உத்தரவு?"

"இந்த நாட்டுக்கு ஒரு சர்க்கார்தானே இருக்கு?"

அவர் சொல்வது காங்கிரஸைத்தான் என்று பேச்சிமுத்து எடுத்துக்கொண்டார். மேலிடத்து ஆள் போலிருக்கிறது என்று எண்ணி, கடையின் பின்கட்டில் மாம்பழக் கூடைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததை எல்லாம் எடுத்துக் கட்டிக் கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

உதவி ஆசிரியர் கர்ணன் இரண்டு பக்கம் புரட்டியதும் பயந்துபோனார். "ஐயா, வெள்ளைக்காரனக் கப்பலேத்தணும்னுல்ல எழுதியிருக்காக?"

"அதுதான், கர்ணன், சர்க்காரோட பெருந்தன்மை. தன்னைத் திட்டுறதையும் பிள்ளைக படிக்கட்டும்னு நினைக்கிறாக பாரும். நம்மாளுகளுக்கு இந்த மனசு வருமா?"

பாடம் தொடங்கியாயிற்று என்று வீரணன் அறிக்கை அனுப்பினார். ஆபீஸில் அதை யாரும் படிக்காமலே 'கண்டது' என்று முத்திரை குத்திக் காகிதக் கட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

ஐப்பசியில் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது பிள்ளைகள் ராஜா படத்தைச் சுற்றி வந்து கும்மியடித்தார்கள். முதல் அடிக்கு இன்ஸ்பெக்டர் மேஜையில் தாளம் போட்டார். மூன்றாவது அடியில், ராஜாவின் கிரீடத்தை உருக்கி உப்புக் காய்ச்சச் சட்டி செய்வோம் என்று வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"என்னய்யா இது?"

"தாங்கள் அனுப்பிய பாடம்தான்" என்று வீரணன் பெருமையோடு சர்க்குலரை நீட்டினார்.

பொழுது சாய்வதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

லாக்கப்பில் வந்து பார்த்த வக்கீலுக்கு ஐந்து நிமிஷத்தில் விஷயம் விளங்கிவிட்டது. "பயப்படாதீர். ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லும். சிரிச்சிட்டு விட்டுருவாக."

மனைவி ஜக்கம்மாவும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனாள்.

விசாரணையன்று ஊரே கோர்ட்டில் நின்றது. தந்தி படிக்கச் சொல்லிக் கேட்டவர்கள், துரையின் சீட்டோடு வந்தவர்கள், தலைமுழுகிய குடும்பத்தார், எல்லாரும் இருந்தார்கள். மாஜிஸ்டிரேட் சர்க்குலரைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தத் தலைப்புக்கு உமக்கு அர்த்தம் தெரியுமா, தெரியாதா?"

வக்கீல் தலையை ஆட்டிச் சாடை காட்டினார். வீரணன் ஜனங்களைப் பார்த்தார். அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு, அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

"நல்லாத் தெரியும்" என்றார்.

ஆறு மாசம் கடுங்காவல். வெளியே யாரோ ஜே போட்டார்கள். ஜக்கம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "தெரியாதுன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரலையாக்கும்?" என்று கேட்டாள். அந்த ஆறு மாசமும் அவள் இரண்டு எருமைகளை வைத்துப் பால் விற்றுக் காலம் தள்ளினாள். தலைமை ஆசிரியர் நாற்காலி கர்ணனுக்குப் போயிற்று.

விடுதலையாகி மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்கியபோது, தேனி ஸ்டேஷனில் மாலையும் மேளமுமாக முந்நூறு பேர் நின்றார்கள். பேசச் சொன்னார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் வீரணன் அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். குறிப்பெடுக்க வந்த போலீஸ்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினார்.

பொய்யான மாலை கழுத்தை அறுத்ததோ என்னவோ, ஒரு நாள் அவர் பேச்சிமுத்துவின் கடைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

பேச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்வளவு பெரிய காரியத்தப் பண்ணிட்டு எழுத்துப் பிழைன்னு சொல்றீகளே! இந்த அடக்கம் வேற யாருக்கு வரும்?"

அதைப் பேச்சிமுத்து ஒரு கூட்டத்திலும் சொல்லிவிட்டார். அடுத்த ஜில்லா போர்டு தேர்தலில் வீரணனை எதிர்த்து நிற்க ஆளில்லை. முதல் கூட்டத்திலேயே அவரைக் கல்விக் கமிட்டிக்குத் தலைவராக்கி, பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.