அயர்ன் பேனா

“கொடி கொஞ்சம் ஹெவியா கீதுக்கா. இது என் ஸ்டைல் இல்ல” என்றாள் ஷர்மிளா.

ஜெயப்பிரியா பேனாவைத் துணியிலிருந்து எடுத்துவிட்டாள். எடுத்திருக்கக் கூடாது. அவள் போடுகிற கொடி ஒரே கோடு. ஒரு மூலையில் பேனாவை வைத்தால் இலை, மொட்டு, சுருள் என்று துணி முழுக்கச் சுற்றிவிட்டு எதிர் மூலைக்கு வந்துதான் கையை எடுப்பாள். அப்போதுதான் அதே கோட்டின் மேல் மெஷின் நூல் அறாமல் தைத்துக்கொண்டு போகும். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிக்கொண்டே போடுவாள், டீ வந்தால் இடது கையால் குடித்துக்கொண்டே போடுவாள். நடுவில் கை நின்றது அன்றைக்குத்தான். நின்ற இடத்தில் கடுகளவு ரோஸ் புள்ளி ஒன்று விழுந்திருந்தது.

“அப்ப உன் ஸ்டைல் எப்படிடி?” என்று கேட்டாள்.

“லைட்டா, சிம்பிளா. வீடியோல பாக்கறவங்க அதான்க்கா கேக்கறாங்க.” ஷர்மிளா கேலி செய்யவில்லை. அதுதான் கொடுமை. புடவைக் கடையில் பார்டரைப் பார்த்துச் சொல்வது போல அக்கறையோடு சொன்னாள்.

இருவரும் ஓரகத்திகள். ஜெயப்பிரியா மூத்தவன் வினோத்தின் மனைவி, ஷர்மிளா இளையவன் விக்ரமின் மனைவி. நெமிலிச்சேரியில் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடித்தனம். காலையில் ஒரே ஸ்கூட்டியில் அவுட்டர் ரிங் ரோடு பிடித்துத் திருமழிசை எஸ்டேட்டுக்கு வருவார்கள். அங்கே கோதண்டம் என்பவரின் ரஜாய் கம்பெனி. இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்து, மேலே கொடியும் பூவும் வரைந்து, தைத்து, குளிர் நாடுகளுக்கு அனுப்புவார்கள். தகரக் கூரைக்குக் கீழே வியர்வையைத் துடைத்துக்கொண்டு ரஜாய் தைக்கும் பெண்களில் ஒருத்தியும் ஜென்மத்தில் அதைப் போர்த்திக்கொண்டதில்லை.

டிசைன் எல்லாம் ஜெயப்பிரியா போட்டது. இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, போன வருஷம் வரைக்கும். போன வருஷம்தான் கோதண்டத்துக்கு வீடியோ ஆசை வந்தது. கையால் வரைந்த டிசைன் என்று சொன்னால் மட்டும் போதாதாம், வரைகிற கையைக் காட்ட வேண்டுமாம். செல்போனை ஸ்டாண்டில் மாட்டி ஜெயப்பிரியாவின் கையை எடுத்தார்கள். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு கோதண்டம் தலையைச் சொறிந்தார்.

“டிசைன் சூப்பர்மா. கைதான் கொஞ்சம் டல்லா வர்து. லைட்டு போட்டாலும் எடுபடல.”

டல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? பெண் பார்க்க வந்த நாளிலிருந்து கேட்கிற சொல்தான் அது, ஊருக்கு ஊர் வேஷம் மாற்றிக்கொண்டு வரும். மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு வேறு. அதைக் கேட்டு ரோஷப்பட்டிருக்கலாம், வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். அவளோ, “எங்க ஓரகத்தி ஊட்ல சும்மாதான் சார் கீறா. அவ கை நல்லா செவப்பா இர்க்கும்” என்று தன் வாயாலேயே சொன்னாள். விக்ரமுக்கு அப்போது வேலை போயிருந்தது. வீட்டுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று நினைத்தாள். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் மனுஷர்கள் எவ்வளவு சுலபமாக மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்கிறார்கள்.

ஷர்மிளாவுக்குப் பூ ஒன்று ஒழுங்காகப் போட வராது. ஜெயப்பிரியா பென்சிலில் மெல்லியதாகப் போட்டுக் கொடுப்பாள், ஷர்மிளா அதன் மேல் நீலப் பேனாவால் ஓட்டுவாள். கண்ணாடி வளையலும் மருதாணியுமாக அந்தக் கை துணியில் நகர்வதை எங்கெங்கோ இருக்கிறவர்கள் பார்த்து இதயம் இதயமாகப் போட்டார்கள். ஆரம்பத்தில் ஷர்மிளாவுக்கே கூச்சமாக இருந்தது. “நீ போட்டதுக்கு எனக்கு லைக்கு வர்துக்கா” என்று ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து சிரிப்பாள். சிரிப்பு எந்த மாதத்தில் நின்றது என்று ஜெயப்பிரியா கவனிக்கவில்லை. ஒருநாள் ரஜாயில் தொங்கவிடுகிற டேகில் ஷர்மிளாவின் படமும் பெயரும் அச்சாகி வந்தன. அதை மாமியார் நாகம்மா வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். வருகிறவர்களிடம் எல்லாம், “சின்னவ கைல கலை கீது, பாத்தியா” என்று காட்டினாள். மூத்தவள் அந்த ஃபிரிட்ஜிலிருந்துதான் தினமும் மாவு எடுத்து தோசை ஊற்றினாள்.

இப்போது கனடாவிலிருந்து, பெரிய ஆர்டர் கொடுக்கப்போகிற அம்மா நேரில் வருகிறாள். ஷர்மிளா தன் கண் முன்னால் வரைவதைப் பார்க்க வேண்டுமாம். வீடியோவில் ஏமாற்றலாம், எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவளை எப்படி ஏமாற்றுவது? கோதண்டம்தான் வழி சொன்னார். அயர்ன் பேனாவால் ரோஸ் நிறத்தில் முடி மாதிரி மெல்லியதாகப் போட்டுவிடு, மேலே குனிந்து வரைகிறவளுக்கு மட்டும் தெரியும். வரைந்து முடித்ததும் பெட்டியை ஓட்டிவிட்டால் அடிக்கோடு மாயமாகிவிடும்.

அயர்ன் பேனா என்பது அங்கே அவர்கள் வைத்த பெயர். அதன் கோடு சூடு பட்டால் மறைந்துபோகும். மாதிரித் துணிக்கு மட்டும்தான் அதைத் தொடுவார்கள். ஏனென்றால் மறைந்தது அழிந்தது அல்ல. இது தெரிந்தது வீட்டில்தான். நாகம்மாவின் முழங்கால் வீக்கத்துக்கு ஐஸ் வைக்க ஜெயப்பிரியா கம்பெனியிலிருந்து ஒரு வேஸ்ட் துணியைக் கொண்டுவந்தாள். ஐஸைச் சுற்றி ஃபிரீசரில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால், என்றைக்கோ இஸ்திரி போட்டு மறைத்த மாங்காய் டிசைன் அத்தனையும் துணியில் உட்கார்ந்திருக்கிறது. ஷர்மிளாவும் கூடத்தான் இருந்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “பேய்ப் பேனா” என்றாள் ஷர்மிளா. அதெல்லாம் நல்லபடியாக இருந்த காலம்.

என் ஸ்டைல் இல்லை என்று சொல்லிவிட்டு ஷர்மிளா முகத்துக்கு ஏதோ போட்டுக்கொள்ளப் பூந்தமல்லிக்குப் போய்விட்டாள். ஜெயப்பிரியா புள்ளி விழுந்த இடத்தை ஒரு மொட்டாக மாற்றி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். லைட்டாகவும் போடவில்லை, சிம்பிளாகவும் போடவில்லை. அவரைக் கொடி பந்தலில் ஏறுவது போலத் தழைத்துக்கொண்டு போனது. இதுவரை போட்டதிலேயே நல்ல கொடி அதுதான் என்று போட்டு முடித்ததும் அவளுக்கே தெரிந்தது. பார்க்க யாருமில்லை. மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, கார் வருகிற சத்தம் கேட்ட பிறகு, அந்தத் துணியை விரித்து அதன் மேல் இஸ்திரிப்பெட்டியை ஓட்டினாள். துணி கசங்கியிருந்தது, பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன் என்பதெல்லாம் பிறகு சொன்ன கதை. தெரிந்துதான் செய்தாள். மூலையில் ஆரம்பித்து கொடியின் போக்கிலேயே, இலை இலையாக, நிதானமாக ஓட்டினாள். எதிர் மூலையில் கையை எடுத்தபோது துணி வெறும் துணியாக இருந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஒரு சந்தோஷம் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஷர்மிளா காட்டன் புடவையும் மல்லிகையுமாக வந்து மேஜையில் உட்கார்ந்தாள். எதிரே கனடா அம்மா, வெள்ளை முடி, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. பக்கத்தில் கோதண்டம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். ஷர்மிளா துணியை விரித்தாள். குனிந்தாள். இன்னும் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து சுவரோரம் நின்ற ஜெயப்பிரியாவைப் பார்த்தாள், அவள் பக்கத்தில் சூடு ஆறாமல் இருந்த இஸ்திரிப்பெட்டியைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் வரும் என்று ஜெயப்பிரியா காத்திருந்தாள். வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பலகை முன்னால் நிறுத்தப்பட்ட பெண்ணின் பயம் மட்டும்தான் இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஓடிப்போய் அந்தப் பேனாவைப் பிடுங்கி எல்லாவற்றையும் போட்டுக்காட்டிவிடலாமா என்று மூத்தவளுக்குத் துடித்தது. சுவரோரத்திலேயே நின்றாள்.

ஷர்மிளா இடது கையைத் துணியின் நடுவில் விரித்து வைத்தாள். ஒருவேளை துணி நகராமல் இருக்க ஊன்றிக்கொண்டாளோ என்னவோ. வலது கையில் பேனா சும்மா நின்றது. பிறகு அவள் அந்த இடது கையைச் சுற்றியே கோடு போட ஆரம்பித்தாள். கட்டைவிரலில் ஏறி இறங்கி, ஆள்காட்டி விரலில் ஏறி இறங்கி, பால்வாடிப் பிள்ளைகள் சிலேட்டில் போடுவார்களே, அதேதான். சுண்டுவிரல் முடிந்ததும் கையை எடுத்தாள். துணியின் நடுவில் ஒரு கை கிடந்தது. கோணல்மாணலான கோடு.

ஹாலில் மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. கனடா அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து வந்து தன் கையை அந்தக் கைக்குள் வைத்துப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்ததை ஜெயப்பிரியா தன் கண்ணால் பார்த்தாள். அந்த அம்மா இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். கோதண்டம் உற்சாகம் தாங்காமல் எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: “எத்தினியோ ஊர் போயி பாத்துட்டாங்களாம். இந்த மாதிரி உண்மையான ஒண்ண இப்பதான் பாக்கறாங்களாம்.”

ஆர்டர் உறுதியானது. எல்லா ரஜாயிலும் நடுவில் ஷர்மிளாவின் கை. இந்த முதல் துணியை யாரும் தொடக்கூடாது, தானே கொண்டுபோய்ச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்போவதாகச் சொல்லி அந்த அம்மா அதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவரைக் கொடி அதற்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்கூட்டியில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. டோல்கேட் தாண்டிய பிறகு பின்னாலிருந்து ஷர்மிளாவின் குரல் வந்தது.

“இஸ்திரி போட்டுட்டியாக்கா?”

“கசங்கிக் கெடந்துச்சி. ஞாபகமில்லாம போட்டுட்டேன்.”

“பயந்தே பூட்டேன். உயிரே பூட்ச்சி எனுக்கு.” அவள் ஜெயப்பிரியாவின் தோளில் கையை வைத்தாள், எப்போதும் வைப்பது போல. நம்பினாளா இல்லையா என்று அந்தக் கையின் கனத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜெயப்பிரியாவால் அடக்க முடியவில்லை. “அந்தத் துணி கனடா போவுது. அங்க ஐஸா கொட்டும். என் கொடி வெளிய வந்துரும்டி” என்றாள். ‘என்’ என்ற எழுத்து இரண்டையும் அழுத்திச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள். வெளியே வந்தால் பொய் உடையும், ஆர்டர் போகும், தன்னுடைய வேலையும் சேர்ந்தேதான் போகும். போனால் போகட்டும் என்றிருந்தது.

ஷர்மிளா கொஞ்சம் யோசித்தாள். “வந்தா வர்ட்டுமேக்கா” என்றாள், பயப்படுகிறவளைத் தட்டிக்கொடுக்கும் குரலில். “அதுவும் நான் போட்டதுன்னுதான நெனப்பாங்க. நீ ஒண்ணும் கவலப்படாத.”

நெமிலிச்சேரி இறக்கத்தில் ஜெயப்பிரியா வண்டியைத் திருப்பினாள்.

அதன் பிறகு ஷர்மிளாவின் கையை அட்டையில் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஜெயப்பிரியாவின் வேலை அதைத் துணியில் வைத்துச் சுற்றிக் கோடு போடுவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே ஐந்து விரல். கோடு நேராக வந்துவிட்டால் கோதண்டம், “கொஞ்சம் கோணலா போடும்மா, ஒரிஜினல் மாதிரி இல்ல” என்று திருப்பிக் கொடுப்பார். கோணலாகப் போட அவளுக்குச் சுலபத்தில் வரவில்லை. பழகிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் அடுப்படிப் பக்கம் இல்லாத நேரம் பார்த்து, ஒரு வேஸ்ட் துணியில் அயர்ன் பேனாவால் அதே கொடியைப் போட்டாள். ஞாபகத்திலிருந்து, கை எடுக்காமல். பெட்டியை ஓட்டி மறைத்தாள். மேலே அட்டையை வைத்து நீலப் பேனாவால் அந்தக் கையைப் போட்டாள், கோணலாக. மடித்து, ஐஸ் கட்டியோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஃபிரீசரில் சங்கரா மீன் பொட்டலத்துக்கு அடியில் வைத்தாள். கனடாவில் சுவரில் மாட்டியிருக்கும் துணியில் குளிர்காலம் என்ன செய்யும் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் எடுத்துப் பிரித்தபோது துணி அட்டை மாதிரி விறைத்திருந்தது. கொடி வந்திருந்தது, ஓர் இலை குறையாமல். விரல்களுக்கு நடுவில் புகுந்து, கட்டைவிரலைச் சுற்றி, உள்ளங்கையில் மொட்டு விட்டு, எதிர் மூலைக்கு ஏறியிருந்தது. கொடியும் கையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நிற்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி இல்லை. அந்தக் கைக்காகவே கொடி போட்ட மாதிரியும், கொடியைப் பிடிக்கவே கை விரிந்த மாதிரியும் பாந்தமாக இருந்தது. யார் பார்த்தாலும் ஒரே ஆள் போட்டது என்றுதான் சொல்வார்கள்.

“இன்னாத்துக்கு ஃபிரிட்ஜ தொறந்து போட்டுகினு நிக்கிற?” என்று நாகம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

கதவில் ஷர்மிளாவின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. ஜெயப்பிரியாவின் விரல் மரத்துப்போயிருந்தது. துணியின் ஓரத்தில் ஐஸ் கரைந்து, இலை நுனியிலிருந்து ஒரு சொட்டு அவள் காலில் விழுந்தது. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.