ஆறு மணிக்கு மேல் ஜில்லென்று இருக்கும்

சாலமோன் வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்ற மாட்டார். நேரே மொட்டைமாடிதான். கையில் தகர ஷீட் கடைக்காரர் கொடுத்த கலர் அட்டை. நீலத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, இங்கே கட்டில், இங்கே தொட்டில், இந்தப் பக்கம் ஜன்னல் வைத்தால் கடல் காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். புதுப்பட்டினத்தில் அவர் தெருவுக்கே விஷயம் தெரியும். மகள் ஷாரோனுக்கு ஏழு மாதம், மே மாதம் பிரசவம். அவளுக்காக மாடியில் ஷீட் போட்டு ஒரு ரூம் கட்டப் போகிறார்.

ஷாரோன் கல்யாணமாகி நாவலூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு வருவாள், சாப்பிடுவாள், சாயங்காலமே பஸ் ஏறிவிடுவாள். ஒரு ராத்திரி தங்கியதில்லை. கீழே ஒரு ஹாலும் சமையல்கட்டும்தானே, மாப்பிள்ளை ஜோயலை எங்கே படுக்கவைப்பது? இடமில்லாமல்தான் பிள்ளை ஓடுகிறாள் என்று சாலமோன் முடிவுகட்டிவிட்டார். அவள் போன பிறகு, அவள் டீ குடித்த டம்ளரைக் கழுவப் போடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூக்கம் கலையாத முகத்தோடு மகள் எழுந்து வருவதை ஒரு காலையிலாவது பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார் மனுஷர். அது பெரிய ஆசையா?

விசாரிக்காமல் இறங்கினார் என்று சொல்ல முடியாது. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், சர்ச் வாசலில் என்று ஷீட் வீட்டுக்காரர்கள் எட்டுப் பேரைக் கேட்டார். ஷீட்டுதான் நல்லது, ஜில்லென்று இருக்கும் என்று எட்டுப் பேரும் ஒரே பாட்டுதான் பாடினார்கள். பக்கத்துத் தெரு சடையப்பன் ஒருபடி மேலே போய், வீட்டுக்கே கூட்டிப்போய் உட்காரவைத்தார். அப்போது ராத்திரி மணி ஏழு.

"இன்னா மச்சான் யோசனை? கான்கிரீட்டு போட்டு மாசக்கணக்கா காத்துகினு இருப்பியா? ஷீட்டு ஒரே வாரம். பாரு, எப்டி ஜில்லுனு கீது."

ஜில்லென்றுதான் இருந்தது. சடையப்பன் மனைவி ஞானம்பாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வந்தவள் போல நின்று, உள்ளே போய்விட்டாள்.

சாலமோன் மனைவி வரலட்சுமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு தபா மதியானம் போய்ப் பாரேன்" என்றாள்.

"எட்டுப் பேரு சொல்றாங்க. எட்டுப் பேருமா பொய் சொல்வாங்க?"

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். பேசினாலும் காதில் போட்டுக்கொள்கிற ஆளா இவர்?

ஷாரோனோ போனில் பிடி கொடுக்கவில்லை. "எப்ப வர்றே கண்ணு?" என்றால், "பாக்கலாம்பா" என்பாள். ரூம் எழும்பிவிட்டால் பறந்து வந்துவிடுவாள் என்று சாலமோன் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஷீட் போடும் கலைவாணனைத் திங்கட்கிழமை வரச் சொல்லியாகிவிட்டது.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டார். சுவரை எவ்வளவு உயரம் எழுப்பி ஷீட் போடுவது என்று அளந்து பார்க்க, டேப்போடு சடையப்பன் வீட்டுக்குப் போனார். மணி ஒன்று. வீட்டில் ஆள் இல்லை. எதிரே பூவரச மரத்தில் சேலையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, ஞானம்பாள் அடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போய் அளந்துக்கோங்கண்ணே. சீக்கிரம் வந்துடுங்க" என்றாள்.

உள்ளே காலை வைத்ததுமே அடுப்பு வாயில் முகத்தை நீட்டியதுபோல் இருந்தது. ஃபேன் போட்டார். அது மேலே இருந்த அனலை வாரிக் கீழே கொட்டியது. வேர்வை கண்ணில் இறங்கி டேப்பில் நம்பர் தெரியவில்லை. ஸ்க்ரூ போட்ட இடமெல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடித்துச் சுவரில் சிவப்பாக வழிந்திருந்தது. அன்றைக்கு ராத்திரி லைட் வெளிச்சத்தில் அது கண்ணில் படவே இல்லை. அளக்காமலே வெளியே வந்துவிட்டார்.

"சடையப்பன் ஜில்லுனு கீதுன்னானே, தங்கச்சி."

"அவுரு பொய் சொல்லலண்ணே. அவுரு வூட்டுக்கு வர்றதே ஆறு மணிக்கு மேல. அப்ப ஜில்லுனுதான் கீது. பகல் பூரா கெடக்கறது நானும் கொழந்தையும். ஷீட்டு போடறப்ப என்னிய யாரும் கேக்கல. நீங்க விசாரிக்க வந்தப்பவும் டீயை வாங்கிகினு அவுரத்தான் கேட்டீங்க."

சாலமோனுக்குச் சுருக்கென்றது. எட்டுப் பேரும் ஆம்பளைகள். எட்டுப் பேரும் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுகிறவர்கள். வீட்டிலேயே இருப்பவள் ஒருத்தியையும் அவர் கேட்கவில்லை. இந்த உலையில் தன் மகளையும் பச்சைக் குழந்தையையும் மே மாதம் படுக்கவைக்கப் பார்த்தோமே! மர நிழலிலேயே நின்று ஷாரோனுக்குப் போன் போட்டார்.

"கண்ணு, உனுக்கு எந்த மாரி ரூமு வேணும்?"

"மாடி ரூமே வேணாம்பா. அம்மாகிட்ட அப்பவே சொன்னேன். நீ ஆசையா கட்றே, வேணாம்னா மனசு ஒடஞ்சிடுவியேன்னுதான் பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிகினு இருந்தேன். கீழ ஹால்ல அம்மா பக்கத்துல படுத்தா போதும் எனுக்கு."

"அப்ப ஏன் கண்ணு ஒரு நாள்கூட தங்காம ஓடினே?"

"நீ ஒரு தபாகூட இருன்னு சொல்லலியேப்பா. பஸ்ஸுக்கு டைம் ஆச்சுன்னு மொதல்ல சொல்றது நீதானே."

உண்மைதான். சின்ன வீடு என்ற கூச்சத்தில், மாப்பிள்ளை முகம் சுளிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று அவர்தான் கடிகாரத்தைப் பார்ப்பார். சாலமோன் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஞானம்பாள் பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்தாள்.

"இருந்துட்டுப் போ கண்ணு" என்றார், இரண்டு வருஷத்தில் முதல்முறையாக.

"நாளைக்கே வர்றேன்பா."

திங்கட்கிழமை காலை கலைவாணன் வந்தபோது ஷாரோன் ஹாலில் தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். சாலமோன் அவளைவிட்டு எழுந்து வர மனமில்லாமல் வந்தார்.

"இன்னா சார், ஷீட்டு வேணாமா?"

"போடு. ஆனா மேல எனுக்குத்தான். நான் வர்றது ஆறு மணிக்கு, காலைல ஏழுக்குக் கெளம்பிடுவேன். மாப்ள வந்தா அவரும் நானும் மேல. ஹாலு பொம்பளைங்களுக்கு. துருப்பிடிக்காத ஸ்க்ரூவா போடு."

"கலரு நீலம்தானே?"

சாலமோன் அட்டையை வரலட்சுமியிடம் நீட்டினார். அவள் வெள்ளையைத் தொட்டாள். "இதுல சூடு கொஞ்சம் கம்மி."

"அப்ப வெள்ளையே போடு கலைவாணா" என்றார் சாலமோன். "இன்னொரு வூட்டுக்குப் போனாலும் இத்த சொல்லு. கூரை நல்லதா கெட்டதான்னு ஊரைக் கேக்கக் கூடாது. பகல் பூரா அதுக்குக் கீழ இருக்கறவங்களத்தான் கேக்கணும். நான் எட்டு வூட்டுக்காரங்களக் கேட்டேன், என் வூட்டுல கேக்கல."