செண்பகவல்லி வாசித்தது

எங்கள் ஊர் ஓபன் மைக் வாசிப்புக் கூட்டத்தில் வாசித்தது வாசித்தவரிடம் தங்காது. கேட்டவர்களில் யார் கையைத் தூக்குகிறாரோ அவரிடம் போய்விடும். காகிதத்தைச் சொல்லவில்லை. காகிதத்தில் இருந்த விஷயத்தைச் சொல்கிறேன்.

போன வருடம் சர்வேயர் ஒருவர் தன் பல்வலியைப் பற்றிக் கவிதை வாசித்தார். கவிதை சுமார்தான். மருந்துக்கடை ஜெபராஜ் கையைத் தூக்கினார். திங்கட்கிழமை ஜெபராஜுக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். சர்வேயர் இப்போது கரும்பு கடிக்கிறார். ஒரு டீச்சர் தன் முதல் பிரசவத்தை எழுதிக்கொண்டு வந்தார். மில் வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார். அவர் இன்றைக்கும் எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்.

நல்லதை யாரும் வாசிப்பதில்லை. அதை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஐந்து மணி, நூலகத்தின் மாடி. ஜெபராஜ் வாசலில் நின்று, "வாங்க வாங்க, எழுதலேன்னாலும் வாங்க" என்று படியேறும் எல்லாரையும் கூப்பிடுவார். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவரையும் ஒருமுறை உட்கார வைத்துவிட்டார். அவர் நாய்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வாசித்தார். இப்போது எந்த வீட்டுக் கேட்டையும் தைரியமாகத் திறக்கிறார்.

என் வேலை மணி அடிப்பது. பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருடம் டைம் கீப்பராக இருந்தவன். ஆளுக்கு ஏழு நிமிடம். ஏழு என்றால் ஏழு. பாதியில் மணி அடித்தால் பாதிதான் போகும், மீதி அவரிடமே நிற்கும். அதற்கு நான் என்ன செய்ய? வாசித்து முடித்து ஒரு நிமிடத்துக்குள் யாரும் கையைத் தூக்காவிட்டால் எல்லாம் திரும்பிப் போகும். இரண்டு மடங்காகப் போகும். அதை மறுபடி வாசிக்கவும் முடியாது.

மணி அடிப்பவன் எதையும் வாங்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. நான்தான் போட்டேன்.

சித்திரை மாதக் கூட்டத்துக்கு செண்பகவல்லி வந்தாள். ஊறுகாய் போட்டு விற்பவள், அறுபது வயது இருக்கும். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் சிவப்பு டெலிபோன். சுவரிலிருந்து ஒயரை அறுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இது எதுக்கும்மா?" என்றேன்.

"நான் இல்லாத நேரம் அடிச்சுட்டா? அதான் கையோட கொண்டாந்துட்டேன் அண்ணாச்சி."

சரிதான் என்று பட்டது.

வாசித்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் தங்கை பூரணத்தின் மகளுக்கு வளைகாப்பு. பக்கத்து ஊர். விடியும் முன் எழுந்து ஐந்து வகைச் சாதம் கிளறி, தூக்குவாளிகளோடு பஸ் ஏறினாள். ஏறிய பிறகு எண்ணினால் நாலுதான் இருந்தது. புளியோதரை வாளி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில். ரெண்டே ரெண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லி டைம் கீப்பரிடம் கெஞ்சினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதினார். அவள் நாலு வாளியோடும் இறங்கிப் புளியோதரையை எடுத்துத் திரும்புவதற்குள் பஸ் போய்விட்டது.

அந்த டைம் கீப்பர் நான்தான். விசில் ஊதியது நினைவில்லை. ஊதியிருப்பேன்.

இந்த இடத்தில் ஏழு நிமிடம் ஆனது. மணி மேல் கையை வைத்தேன். அடிக்கவில்லை. கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அவள் மேலே வாசித்தாள். மதிய பஸ்ஸில் போய்ச் சேரும்போது பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். "வர இஷ்டமில்லேன்னா வராமலே இருந்திருக்கலாம்ல?" என்று பூரணம் நாலு பேர் முன்னால் கேட்டாள். இவள் காரணம் சொல்லவில்லை. வாளிகளை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் ஆறிலிருந்து எட்டு வரை டெலிபோன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் கடைக்குப் போனதில்லை, ஒரு கல்யாண வரவேற்புக்கும் போனதில்லை. 'இந்தக் காத்திருப்பு எனக்கு வேண்டாம். தங்கச்சியும் வேண்டாம்' என்று முடித்தாள். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

யாரும் கையைத் தூக்கவில்லை.

சர்வேயர் ஃபேனைப் பார்த்தார். வாட்ச்மேன் இடுப்பைத் தடவினார். "எனக்குக் கடை இருக்கு அண்ணாச்சி, சாயங்காலம்தான் வியாபாரமே" என்று ஜெபராஜ் என் காதில் சொன்னார். முப்பது விநாடி. நாற்பது. செண்பகவல்லி கூடையைக் கெட்டியாகப் பிடித்தபடி நின்றாள். ஐம்பதில் நான் கையைத் தூக்கினேன்.

"அண்ணாச்சி, நீங்க மணி அடிக்கறவரு" என்றார் ஜெபராஜ்.

"தெரியும்யா. என் பேரை எழுது."

அவள் கூடையை என்னிடம் கொடுத்தாள். பிறகு, "காராச்சேவு இன்னும் இருக்கா?" என்று கேட்டு ஒரு தட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழரை வரை இருந்தாள்.

மறுநாளிலிருந்து ஆறு மணிக்கு நான் டெலிபோன் முன்னால் உட்கார்ந்தேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான் என்று நினைத்திருந்தேன். டைம் கீப்பர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதில்லை. பஸ்தான் அவனுக்குக் காத்திருக்கும். இது வேறு. முதுகு வலித்தது. காப்பி ஆறியது. பூரணம்தானே முதலில் பேசவேண்டும் என்று கோபம் வந்தது. எனக்குத் தங்கை கிடையாது. இருந்தாலும் வந்தது.

வளைகாப்பு அன்றைக்கு ஏன் காரணத்தைச் சொல்லாமல் வந்தேன் என்று பல நாள் யோசித்தேன். சொன்னால் சாக்கு மாதிரி இருந்திருக்கும். முப்பத்திரண்டு வருடம் பிந்தி வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் காரணம் சொன்னார்கள். ஒன்றைக்கூட நான் காதில் வாங்கியதில்லை.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறே முக்காலுக்கு டெலிபோன் அடித்தது. அறுந்த ஒயர் மேஜையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

"அக்கா?"

"சொல்லுடி."

"குரல் என்ன இப்படி இருக்கு? சளியா?"

"ஆமா."

"நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"புளியோதரையைப் பெஞ்சுல மறந்துட்டேன்டி. எடுக்க இறங்கினேன். பஸ் போயிருச்சு."

"ரெண்டு நிமிஷம் நிறுத்தியிருக்க மாட்டானா?"

"மாட்டான். அவன் ஒரு மாதிரி ஆளு."

"நாசமாப் போறவன்."

"ஆமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூரணம் வந்தாள். "இளைச்சுட்டியே அக்கா" என்றாள். நான் கிளறிய புளியோதரையில் உப்பு கூடிவிட்டது. குறை சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். வளைகாப்புக்கு வரும் பெண்களுக்கெல்லாம் கண்ணாடி வளையல் போட்டு அனுப்புவார்கள் அல்லவா? என் பங்கை ஒன்பது வருடம் எடுத்து வைத்திருந்தாள்.

"கையை நீட்டு."

நீட்டினேன். பச்சை ஆறு, சிவப்பு ஆறு. அளவு சரியாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் மணி அடித்தபோது வளையலும் சேர்ந்து குலுங்கியது. செண்பகவல்லி முன்வரிசையில் இருந்தாள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"வளையல் நல்லாருக்கே அண்ணாச்சி. யாரு போட்டா?"

"தங்கச்சி. பூரணம்னு பேரு."

"குடுத்து வச்சவரு" என்றாள். "எனக்குத்தான் கூடப் பிறந்ததுன்னு யாரும் இல்லாமப் போச்சு."

போகும்போது ஜெபராஜிடம் அடுத்த மாதத்துக்கு என் பெயரை எழுதச் சொன்னேன். "நீங்களா? அப்ப மணியை யாரு அடிக்கறது?" என்றார். "யாராவது அடிங்கய்யா" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். பூரணம் வந்தது, உப்பு, வளையல், எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கியது. வாசித்துப் பார்த்தேன். நாலு நிமிடம்தான். செண்பகவல்லி எப்படியும் கையைத் தூக்கிவிடுவாள், தங்கை அவளிடமே திரும்பிப் போய்விடுவாள்.

மணி ஆறானது. அறுந்த ஒயர் இரண்டு சாண் வளர்ந்து சுவரைத் தொட்டிருந்தது. டெலிபோன் அடித்தது.

காகிதத்தை மடித்து டெலிபோனுக்கு அடியில் வைத்தேன். வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு எடுத்தேன்.

"சொல்லுடி" என்றேன்.