என் பெயர் போட்ட தட்டு

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று எல்லாரும் சொல்வார்கள். 'மிளகாய்' என்று பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். அந்தப் பெயரையே என் அண்ணன் தன் தொழிற்சாலையில் செய்யும் தட்டில் அச்சடித்து விற்கிறார். விற்கட்டும் என்றுதான் இருந்தேன், அன்று காலை அந்தத் தட்டு என் கையிலிருந்து கிளம்பிப் போன லட்சணத்தைப் பார்க்கும்வரை.

நான் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவள். கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. வெகுதூரம் எறிவதற்கென்று விளிம்பு கூரான தட்டு ஒன்று உண்டு, அதற்கு டிரைவர் என்று பெயர். அண்ணன் செய்வது அந்த டிரைவர்தான். புதுச் சரக்கு வந்ததும் முதலில் எறிந்து பார்த்துச் சரி சொல்வது என் வேலை.

தொழிற்சாலைக்குப் பின்னால் நீண்ட புல்தரை இருக்கிறது. இடப்பக்கம் மதில், வலப்பக்கம் மரவரிசை, கடைசியில் கூடை. நான் வலக்கையால் எறிகிறவள். என் டிரைவர் நேராகப் போய், வேகம் குறையும்போது இடப்பக்கம் லேசாகத் திரும்பி இறங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் அது அப்படித்தான் இறங்கும். அன்றைக்கோ பாதிகூடப் போகவில்லை, வலப்பக்கம் கவிழ்ந்து மரத்துக்குள் போய் விழுந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் மரத்துக்குள்தான் போனது. கையில் இருந்த எல்லாவற்றையும் எறிந்து தீர்த்தேன். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் இடம் மாறிவிட்டன.

தட்டை வார்க்கும் அச்சு மாறவில்லை, எடை மாறவில்லை. அப்படியென்றால் மாறியது பிளாஸ்டிக்தான். ஒரே தையல்காரர் ஒரே அளவில் தைத்தாலும் பருத்தி ஒரு மாதிரி விழும், பட்டு ஒரு மாதிரி விழும். தட்டும் அப்படித்தான். சாதா பிளாஸ்டிக் கைக்கு நன்றாகப் பிடிபடும், ஆனால் நாலு மரத்தில் மோதினால் விளிம்பு நைந்து குணம் மாறிவிடும். உயர்ரகம் கெட்டி. பாறையில் மோதினாலும் வருடக்கணக்கில் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்காகத்தான் ஆட்டக்காரர்கள் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறார்கள். என் பெயர் போட்டது உயர்ரகம்.

நேராக இயந்திரக் கூடத்துக்குப் போனேன். சூடான பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டும் தொட்டியில் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டிய மணிகளுக்கு நடுவே பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று நொறுக்குத் துண்டுகள். மெஷின்காரரைப் பார்த்தேன். அவர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி தரையைப் பார்த்தார்.

"இந்த வருஷம் கறுப்புதான் ஃபேஷன்" என்று அண்ணன் எல்லாத் தட்டையும் கறுப்பில் அடிக்கச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெளிவான தட்டில் கலப்படம் தெரியும். கறுப்பில் எந்தக் குப்பையும் தெரியாது.

அண்ணன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"தொட்டியில கிடக்கிறது என்னண்ணே?"

"எது? ஓ, அதுவா. வீணாப்போன தட்டு, வெட்டின ஓரம். அரைச்சு ஒரு கைப்பிடி சேர்த்திருக்கு. தூக்கிப் போட மனசு வரலம்மா."

"ஒரு கைப்பிடியா? கூடை கூடையாக் கொட்டியிருக்க. உயர்ரகம்னு போட்டு, அதுக்கு மேல என் பேரையும் போட்டு! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கிறியா?"

"கத்தாத. ஆளுங்க பார்க்கிறாங்க. பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தானே? உருகினா எல்லாம் ஒண்ணுதான்."

உருகினால் ஒன்றுதான், ஆறும்போதுதான் வேறு. ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். கலந்தது ஆறும்போது விளிம்பு ஒரு மயிரிழை கீழே இறங்கிவிடுகிறது. அந்த மயிரிழைதான் தட்டை வலப்பக்கம் கவிழ்க்கிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த மனிதர்தான். தெரியாமல் செய்திருந்தால் கத்திவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தெரிந்தே செய்திருக்கிறார்.

"மத்தியானம் கடைக்காரம்மா வராங்க" என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி. "மொத்தச் சரக்கையும் எடுத்துக்கப்போறாங்க. நீதான் எறிஞ்சு காட்டணும். விடும்போது இடது விளிம்பைக் கொஞ்சம் கீழ சாய்ச்சு விடு, நேராப் போயிரும். உன் கைக்கு அது ஒரு விஷயமா? நீ எறிஞ்சா செங்கல்கூட நேராப் போகும்."

"அப்ப இது வலப்பக்கம் ஓடும்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

 அண்ணன் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவர் சொன்ன வித்தை உண்மைதான். இடப்பக்கம் சாய்த்து விட்டால், வலப்பக்கம் கவிழத் துடிக்கிற தட்டு அந்தத் துடிப்பிலேயே நிமிர்ந்து, நேராகப் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை வருடம் மழையிலும் வெயிலிலும் தோள்பட்டை கழன்றுபோகிற மாதிரி எறிந்து கற்ற வித்தை, இவருடைய கலப்படத்துக்குப் போர்வையாக வேண்டுமாம். பெயரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார், கையையும் கேட்கிறார்!

கடைக்காரம்மா சாப்பாட்டு நேரம் கழித்து வந்தார். பல ஊர்களில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர். கறாரான ஆள், தொப்பியைக் கழற்றாமலேயே புல்தரைக்கு வந்து நின்றார். அண்ணன் உயர்ரகத்தின் பெருமையை ஒப்பித்தார். பிறகு ஒரு கறுப்புத் தட்டை என் கையில் வைத்து, கண்ணாலேயே கெஞ்சினார்.

தட்டின் நடுவில் 'மிளகாய்' என்று வெள்ளி எழுத்தில் மின்னியது.

சாய்க்கவில்லை. தரைக்கு மட்டமாகப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு எறிந்தேன். தட்டு சீறிக்கொண்டு கிளம்பி, வலப்பக்கம் புரண்டு, மரத்தில் மடேரென்று மோதியது.

"காத்து..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"இலைகூட ஆடலியே" என்றார் கடைக்காரம்மா.

"இவளுக்குக் காலையிலேருந்து கோபம், அதான் கை சரியா வரல. தட்டுல ஒரு குறையும் கிடையாது. நானே எறியறேன், பாருங்க."

அண்ணன் எறிந்து பல வருடமாகிறது. தொப்பை முன்னால் போக, கை பின்னால் போக, அவர் ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். மானம் போகப்போகிறது என்று நான் வேறு பக்கம் திரும்பப் பார்த்தேன். அதற்குள் தட்டு கிளம்பிவிட்டது. மெதுவாக, கோடு போட்ட மாதிரி நேராகப் போய், கூடைக்குக் கொஞ்சம் முன்னால் புல்லில் பூப்போல இறங்கியது.

அண்ணனுக்கே நம்ப முடியவில்லை. "பார்த்தீங்களா!" என்று குதித்தார்.

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. ஏனென்றால் அது அப்படித்தான் போகும். என் வேகத்துக்குக் கவிழ்கிற தட்டு அவர் வேகத்துக்கு நேராகப் போகும். அசல் உயர்ரகத்தை அவர் எறிந்திருந்தால், போதிய வேகமில்லாமல் உடனே இடப்பக்கம் மடிந்து மதிலடியில் விழுந்திருக்கும்.

கடைக்காரம்மா என் பக்கம் திரும்பினார். "இது உயர்ரகம் இல்லதானே?"

"இல்லீங்க. அரைச்ச கழிவு கலந்தது."

அண்ணன் முகம் செத்துப்போனது.

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் கடைக்காரம்மா, சர்வ சாதாரணமாக. "என் கடைக்கு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரு இவரை மாதிரிதான் எறிவாங்க. புதுசா ஆடறவங்களுக்குன்னு போட்டுக் குடுங்க, கலந்ததுன்னும் போடுங்க. சாதா விலைக்கு மொத்தத்தையும் எடுத்துக்கறேன். ஆனா இந்தப் பேரை எடுத்திருங்க. இவங்களை மாதிரி எறியறவங்க பேரைப் பார்த்து வாங்கிட்டு, அப்புறம் என் கடை வாசல்ல வந்து நின்னு கத்துவாங்க."

அவ்வளவுதான். காரில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் கண்ணாடி அறையில், நானும் அண்ணனும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பெயின்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்துத் தட்டுகளிலிருந்த பெயரைத் துடைத்தோம். நான் துடைத்த வேகத்தில் மேசை ஆடியது. உண்மையைச் சொன்னாலே விற்றிருக்கும்! பொய்யே தேவைப்படாத இடத்தில் என்னை வைத்துப் பொய் சொல்லப் பார்த்திருக்கிறார். பிழைக்க வழியில்லாமல் திருடியவனைக்கூட மன்னிக்கலாம், இதை எந்தக் கணக்கில் வைப்பது?

"அதான் வித்துப்போச்சே. இன்னும் ஏம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்க?" என்றார் அண்ணன்.

நான் அடுத்த தட்டை இழுத்துத் துடைத்தேன்.

"சரி, வேற என்ன பேரு போடலாம்? சொல்லேன்."

"உன் பேரைப் போடு. உன் கையிலதான் நேராப் போச்சு."

அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"என் பேரு எதுக்கும்மா?" என்றார் கடைசியில். "கழிவு கலந்த சரக்கு. நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

நான் அவரையே பார்த்தேன். தான் சொன்னது மெதுவாகத்தான் அவருக்கு விளங்கியது. காதுமடல் சிவந்தது. 

தின்னர் டப்பாவை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தேன். மீதித் தட்டுகளிலிருந்த என் பெயரை அவரே துடைத்தார்.