கதவு மூலைப் பாசி

1

ஆகஸ்ட் பதினேழு, காலை ஆறு நாற்பது. டோர்கஸ் தள்ளினாள், கதவு திறக்கவில்லை. வடகோடிப் பனிநாட்டில், பீல் ஆற்றங்கரை மீன்பிடி முகாமில், அவர்கள் வீட்டின் கதவு இருந்த கிழக்கு மூலை ஒரு சாண் இறங்கியிருந்தது.

கதை பிறந்தது அந்தக் கதவில். ஆனால் நான் முதலில் எழுதிய தொடக்கம் வேறு:

பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனிப்பாளம் விலகிய பள்ளத்தில் ஒரு குட்டை

[இங்கே நிறுத்திவிட்டேன். குட்டையோடு பேச ஆளில்லை.]

2

அவள் கணவன் ஆமோஸ் ஜன்னல் வழியாகக் குதித்து வெளியே போனான். மூலையில், தம்பி குளிர்காலத்தில் ஓட்டும் மோட்டார் பனிவண்டி நின்றிருந்தது.

"டேய் சைலஸ், இத இங்கயே நிறுத்தி நிறுத்தி நிலத்த நசுக்கிட்ட."

"வண்டிக்கே நசுங்குமா? அப்ப உன் எடைக்கு வீடு எப்பவோ ஆத்துக்குள்ள போயிருக்கணும்."

ஆமோஸ் சிரிக்கவில்லை. "இன்னிக்கே படக எடு. இனிமே இந்த முகாம்ல உனக்கு இடமில்ல."

[முதல் வரைவில் சைலஸ் கிடையாது. பழி சுமக்க ஒருவன் வந்த பிறகுதான் நிலம் கதையாயிற்று.]

3

குட்டையில் கோரை வளர்ந்தது, செத்தது. குளிரில் மட்கவில்லை. அதன்மேல் பஞ்சு போன்ற தடித்த பாசி, செத்த பாசிமேல் புதுப் பாசி. அழுந்தி ஒரு விரலகலம் சேர அறுபது ஆண்டு. பல ஆயிரம் ஆண்டு கழித்து உள்ளே நீர் உறைந்தது; உறைந்த நீர் நிலத்தைத் தூக்கியது. உயர்ந்த இடம் காய்ந்தது, மரம் வந்தது. மேடு என்று நம்பி ஆமோஸ் வீடு கட்டினான். அவன் கட்டியது பனிக்கட்டியின் மேல். அதைக் கோடையிலிருந்து காத்தது பாசிப் போர்வை.

[இந்தப் பத்தியை வெட்டிப் பார்த்தேன். டோர்கஸ் செய்தது புரியாமல் போயிற்று.]

4

எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைப் பாசி நிரப்பிய பையில்தான் கட்டுவோம். காய்ந்த பாசி ஈரம் உறிஞ்சும். தூரம் போய், இடம் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். டோர்கஸுக்கு நான்கு பிள்ளைகள். ஆமோஸ் எப்போதும் வலையோடு ஆற்றில். அவர்களை வளர்த்த ஒன்பது கோடையும் அவள் கதவு மூலையிலேயே எடுத்தாள். வெறும் மண் தெரிந்ததும் ஊசியிலைக் கிளைகளைப் பரப்பினாள்.

கதவு சிக்கியதற்கு முந்தின வாரம் நிலத்தைச் சோதிக்க வந்த பெண் கம்பி இறக்கினாள். மற்ற இடங்களில் முழங்கை ஆழத்தில் பனி தட்டியது. மூலையில் பனியே தட்டாமல் கம்பி முழுதும் உள்ளே போயிற்று.

"யாரோ இங்க போர்வைய உரிச்சிருக்காங்க."

அது டோர்கஸ் காதில் மட்டும் விழுந்தது.

5

ஒரு முடிவில் அவள் சொல்கிறாள், ஆமோஸ் சிரிக்கிறான். ஆமோஸைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். இன்னொன்றில் சைலஸ் போகிறான், அவள் வாய் திறக்கவில்லை. எழுதி முடித்ததும் அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சைலஸ் படகில் மூட்டையை ஏற்றினான்.

"அண்ணி, கெட்டில் என்னுது, எடுத்துக்கறேன். அண்ணன நீங்களே வெச்சுக்கோங்க."

டோர்கஸ் கரையில் நின்றாள். மூலையில் ஜாக்கி வைக்கக் குனிந்த ஆமோஸ் கிளைகளை விலக்கினான். கறுத்த மண்ணைத் தொட்டுப் பார்த்தான். எழுந்தான்.

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

"டோர்கஸ், இந்த மூலையில இருந்த பாசி எங்க?"